டாரட் சீட்டிலிருந்து சிறுகதைக்கு: ஓர் எழுத்துக் குழுவின் அனுபவம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சிறுகதை எழுதும் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை காணொளியில் கூடுகிறார்கள். அங்கேயே எழுதி, எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டுகிறார்கள். எல்லோரும் சில ஆண்டுகளாக எழுதிவருபவர்கள்; இதழ்களில் கதை வெளியானவர்களும் உண்டு. நடத்துகிற ஒருங்கிணைப்பாளரும் கதை எழுதுபவர்தான். நான் அந்தக் குழுவின் உறுப்பினர் இல்லை. புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கப்போவதாகவும், வெளியாள் ஒருவர் கூடவே இருந்து குறிப்பெடுத்தால் நல்லது என்றும் கேட்டதால் அமர்வுகளில் உட்கார்ந்தேன். இங்கே பேசப்படுபவர்கள் அனைவரும் இதற்குச் சம்மதித்தவர்கள். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அதுவரை ஒருங்கிணைப்பாளர் ஒரு சொல்லையோ ஒரு வரியையோ கொடுத்து எழுதச் சொல்வார். "காத்திருப்பு", "பழைய வீடு", "எடுக்காத அழைப்பு" என்பது போல. அந்தச் சொற்கள் எல்லோரையும் தத்தம் நினைவுக்குள் அனுப்பிவைத்தன. வந்தவை பெரும்பாலும் நினைவுக் கட்டுரைகள். மொழி நன்றாக இருக்கும், வாசிக்கும்போது மனம் கசியும். ஆனால் எழுதுபவருக்கு முன்பே தெரியாத எதுவும் அந்தப் பக்கங்களில் நடக்கவில்லை. ஒரே நிகழ்ச்சி வேறு வேறு தலைப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

தனக்கு வெளியே இருக்கும் ஒன்றை, தான் தேர்ந்தெடுக்காத ஒன்றை, எழுதுபவர் முன்னால் வைக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் நினைத்தார். படம்தான் அதற்குச் சரி என்று பட்டது. புகைப்படங்களை யோசித்துக் கைவிட்டார். எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்குப் புகைப்படம் பதிலோடு வந்துவிடும். வரைந்த சீட்டில் ஆட்கள் இருப்பார்கள், செயல் இருக்கும், அந்தப் பதில்கள் மட்டும் இருக்காது.

ஏன் டாரட்

டாரட் என்பது இன்று பலர் குறி சொல்லப் பயன்படுத்தும் படச் சீட்டுக் கட்டு. அதில் 78 சீட்டுகள். நட்சத்திரம், சாவு என்பது போலத் தனிப்பெயர் கொண்ட 22 பெருஞ்சீட்டுகள், மீதி 56, கோல், கிண்ணம், வாள், நாணயம் என்று நான்கு வகை. பழைய கட்டுகள் பலவற்றில் இந்த நான்கு வகைகளின் எண் சீட்டுகளில் காட்சி எதுவும் கிடையாது. ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணம்தான் வரைந்திருக்கும். 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டில் எண் சீட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு காட்சியானது. மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். ஸ்மித் நாடக மேடையோடு நெருங்கிப் பழகியவர். அவருடைய பல சீட்டுகளில் முன்னால் தளம், பின்னால் திரை, நடுவே யாரோ ஒருவர் ஏதோ செய்யும் நடுக்கணம் என்று மேடையின் அமைப்பே தெரியும். கதை எழுதுபவருக்கு இந்தக் கட்டு உதவுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குழுவில் இரண்டு எதிர்ப்புகள் வந்தன. கணக்காளர் ஒருவர், குறி சொல்லும் சீட்டை எழுத்துக் குழுவில் புழங்கவிட்டால் அதற்கு மதிப்புக் கொடுத்ததாகும் என்றார். பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நேர்மாறான சிக்கல்: அவருக்கு அந்தச் சீட்டுகளிடம் அச்சம் இருந்தது, தொடவே விருப்பமில்லை.

ஒருங்கிணைப்பாளர் வரலாற்றைச் சொன்னார். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றியது. இன்றும் ஐரோப்பாவில் சில இடங்களில் அதை வைத்து விளையாடுகிறார்கள். அது பண்டைய எகிப்தின் மறைஞானம் என்று 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் ஆதாரமில்லாமல் எழுதினார். அதற்குப் பிறகுதான் குறி சொல்லும் வழக்கம் பெரிதாகப் பரவியது. கணக்காளருக்கு இது போதுமானதாக இருந்தது. ஆசிரியைக்கு இல்லை. அச்சத்தை வரலாற்றால் பேசித் தீர்க்க முடியாது என்பதை ஒருங்கிணைப்பாளர் உடனே புரிந்துகொண்டு, அவருக்கு மட்டும் வேறொரு கட்டு கொடுத்தார். 2008இல் வந்த டிக்சிட் என்ற பலகை விளையாட்டின் 84 பட அட்டைகள் அவை. கனவு போன்ற ஓவியங்கள். எழுத்தோ எண்ணோ பெயரோ இல்லை, பொருள் சொல்லும் கையேடும் இல்லை. ஓர் உறுப்பினரின் தயக்கத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி தந்தது.

முதற்கட்டத்தில் கண்டது

முறை எளிமையானது. ஆளுக்கொரு சீட்டு குருட்டாக எடுக்க வேண்டும். கட்டோடு வந்த கையேட்டில் அந்தச் சீட்டின் பொருளைப் படித்துக்கொள்ளலாம். பிறகு இருபது நிமிடம் எழுத வேண்டும்.

முதல் அமர்வு உற்சாகமாகப் போனது. அடுத்தடுத்த அமர்வுகளில் நான் எடுத்த குறிப்புகளில் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது: கதைகள் கையேட்டைப் போலவே இருக்கின்றன. மூன்று வாள்கள் என்ற சீட்டில் ஒரு சிவப்பு இதயத்தை மூன்று வாள்கள் துளைத்திருக்கும், பின்னால் மேகமும் மழையும். வெவ்வேறு வாரங்களில் அதை எடுத்த மூவரும் பிரிவைப் பற்றியே எழுதினார்கள், மூன்றிலும் மழை பெய்தது. நட்சத்திரம் என்ற சீட்டை எடுத்தவர் நம்பிக்கையில் கொண்டுபோய் முடித்தார். கையேடு அதைத்தான் சொல்கிறது. வாக்கியங்களில் பொருள்கள் குறைந்து துயரம், துரோகம், விடுதலை, புது விடியல் போன்ற சொற்கள் கூடின. கதை தொடங்குவதற்கு முன்பே அது எங்கே முடியும் என்று எழுதுபவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். சீட்டில் இருப்பவர்களின் உடை பழைய ஐரோப்பிய உடை. அதனால் பலருடைய எழுத்து தானாகவே கோட்டைக்கும் குதிரைக்கும் போய்விட்டது. வழக்கமாகக் கூர்மையான உரையாடல் எழுதும் மொழிபெயர்ப்பாளர்கூட "ஓ இளவரசே" என்ற தொனியில் எழுதினார். அவருடைய நடையே அல்ல அது.

ஆசிரியையின் பக்கங்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. திறமை வேறுபாடு என்று முதலில் எண்ணினேன். பிறகு, சீட்டைத் திருப்பியதும் அவரவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியைக் குறிக்கத் தொடங்கினேன். டாரட் எடுத்தவர்கள், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்கள். ஆசிரியை, "இங்க என்ன நடக்குது?" என்றார். அவர் கையில் பொருள் சொல்லும் புத்தகம் இல்லை. ஆகவே படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எழுதத் தொடங்குவதற்கு முன் மற்றவர்களைவிட அதிக நேரம் பேனாவைத் தொடாமல் இருந்தார். எழுதியபோது அவர் பக்கத்தில் பொருள்கள் இருந்தன: ஏணி, கிழிந்த வரைபடம், விளக்கின் நிழல் விழும் திசை.

இந்த ஒப்பீட்டை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். முறையை மாற்ற அவர் முடிவெடுத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அடுத்து வரும் நிகழ்ச்சி நடந்தது.

ஒன்பது வாள்கள்

குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அப்போது அவருடைய தங்கை மருத்துவமனையில் இருந்தார். குழுவில் யாருக்கும் அது தெரியாது. அன்று அவருக்கு வந்தது ஒன்பது வாள்கள். இருட்டறை. ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்திருக்கிறார். பின்னால் கருஞ்சுவரில் ஒன்பது வாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக. கையேடு பேரச்சம் என்றும் மனவேதனை என்றும் சொன்னது. அவர் கேமராவை நிறுத்தினார். வாசிக்கும் நேரம் வந்தபோது, "நான் எழுதலைங்க" என்று மட்டும் சொன்னார்.

அமர்வு முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் அவரை அழைத்துப் பேசினார். சீட்டு நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது செவிலியருக்கு அறிவால் தெரியும். தெரிந்தும் படம் உள்ளே இறங்கிவிட்டது. இதில் வியப்பில்லை. "இது உனக்கு வந்த சீட்டு" என்ற அமைப்பே, படத்தில் இருப்பவர் நீதான் என்று சொல்லிவிடுகிறது. குறி சொல்பவர் யாரும் அங்கே இல்லை. ஆனால் குறி கேட்கும் அமைப்பு முழுதாக இருந்தது.

சாவு, கோபுரம், ஒன்பது வாள்கள், பத்து வாள்கள் ஆகியவற்றைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஒருங்கிணைப்பாளர் மறுத்தார். நான்கு சீட்டுகள் ஆபத்தானவை என்று விலக்கினால், மீதி எழுபத்து நான்கும் எடுத்தவரைப் பற்றிப் பேசுகின்றன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் வாதம். சரியான வாதம். மாற்ற வேண்டியது சீட்டுகளை அல்ல, சீட்டுக்கும் எழுதுபவருக்கும் இடையிலுள்ள உறவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குருட்டாக எடுப்பதை நிறுத்துவது. ஐந்தாறு சீட்டுகளை முகம் தெரிய விரித்து வைத்து, கண் எதில் தங்குகிறதோ அதை எடுக்கலாம். எதுவும் வேண்டாம் என்றால் காரணம் சொல்லாமல் தள்ளிவிடலாம். எடுத்த சீட்டு எழுதுபவருக்கு உரியது அல்ல, ஒரு கதாபாத்திரத்துக்கு உரியது. சொந்த வாழ்வைப் பற்றிய கேள்வியோடு யாரும் சீட்டை அணுகக் கூடாது. தான் தேர்ந்தெடுக்காத ஒன்று முன்னால் வர வேண்டும் என்ற தொடக்க நோக்கத்தில் இதனால் கொஞ்சம் இழப்புதான். அந்த இழப்பு ஏற்கத்தக்கது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது, கையேட்டை மூடிவைப்பது. அது மட்டும் போதவில்லை. 1909 கட்டின் பெருஞ்சீட்டுகளில் கீழே பெயர் அச்சாகியிருக்கிறது. "சாவு" என்று எழுதியிருந்தால் பிறகு யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. பெயரையும் எண்ணையும் காகிதத் துண்டால் மறைத்தார்கள். மறைத்த பிறகு சாவு என்ற அந்தப் பதின்மூன்றாம் சீட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்து அவர்களே வியந்தார்கள்: விழுந்து கிடக்கும் அரசன், கைகூப்பி நிற்கும் மதகுரு, முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண், குதிரையை நிமிர்ந்து பார்க்கும் குழந்தை, தொலைவில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். குதிரையில் வரும் சாவை நான்கு பேர் நான்கு விதமாக எதிர்கொள்கிறார்கள். அங்கேயே ஒரு கதை கிடக்கிறது. ஒரு சொல் அதை மூடியிருந்தது.

மூன்றாவது, எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் கண்ணால் பார்க்கக்கூடியவற்றை மட்டும் பட்டியலிடுவது. உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடக் கூடாது. "சோகமாக நிற்கிறார்" என்று எழுத முடியாது. "கறுப்புப் போர்வை, தலை குனிந்திருக்கிறது, மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கின்றன" என்று எழுதலாம். இது பலருக்கு எரிச்சலூட்டியது. இரண்டாம் நிமிடத்தில் பட்டியல் தீர்ந்துவிடும். மீதி மூன்று நிமிடம் எதைப் பார்ப்பது? அந்த மூன்று நிமிடங்களில்தான் ஓரங்கள் தெரிய ஆரம்பித்தன.

பட்டியலுக்குப் பிறகு ஒரே கேள்வி: படத்தில் இருப்பவர் பார்க்காத எது நமக்குத் தெரிகிறது? இந்தக் கேள்வியை ஒருங்கிணைப்பாளர் எப்படி வந்தடைந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முழுப் பயிற்சியிலும் அதிகம் விளைந்தது இதில்தான், ஏனென்றால் ஸ்மித்தின் சீட்டுகள் பல இந்தக் கேள்விக்கென்றே வரைந்தவை போல இருக்கின்றன. ஐந்து கிண்ணங்களில் குனிந்து நிற்பவருக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன. நான்கு கிண்ணங்களில் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவரிடம் மேகத்திலிருந்து ஒரு கை நான்காவது கிண்ணத்தை நீட்டுகிறது. அவர் கண் அங்கே இல்லை. ஏழு வாள்களில் வாள்களை அள்ளிக்கொண்டு நழுவுகிறவர் கூடாரங்களைத் திரும்பிப் பார்க்கிறார். படத்தின் ஓரத்தில் தொலைவில் சின்னதாகச் சில ஆட்கள் தெரிகிறார்கள். வாசகருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று இருந்துவிட்டால் கதைக்கு இழுவிசை வந்துவிடுகிறது. அதைக் கற்பனையால் உருவாக்க வேண்டியதில்லை, படத்திலேயே கண்டெடுக்கலாம்.

நான்காவது, உடையை விட்டுவிட்டு உடல்நிலையை மட்டும் எடுத்துக்கொள்வது. பத்துக் கோல்களைச் சுமந்து போகிறவர் முகம் அந்தச் சுமையிலேயே புதைந்திருக்கிறது. எதிரே என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. அந்த முதுகின் வளைவு மட்டும் வேண்டும். கோலும் அங்கியும் வேண்டாம். கணக்காளர் அதை, வேலையை விட்டுப் போகும் நாளில் தன் மேசையில் இருந்த அத்தனையையும் ஒரே நடையில் எடுத்துச் செல்லப் பிடிவாதம் பிடிக்கும் ஊழியராக்கினார். கோட்டைகள் அன்றோடு மறைந்தன.

எத்தனை சீட்டு என்பதில்தான் அதிக விவாதம். டாரட் வழக்கில் மூன்று சீட்டு வைப்பது பரவலான முறை: கடந்தது, நிகழ்வது, வருவது. கதைக்கு இது பொருத்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்து பார்த்தால், அந்த வரிசை கதையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது, வந்தவை கதைச்சுருக்கங்கள். ஒருவர் பத்துச் சீட்டு வைக்கும் கெல்டிக் சிலுவை முறையில் ஒரு குறுநாவலுக்குத் திட்டம் போட்டார். பத்து அத்தியாயங்கள் கிடைத்தன. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கவில்லை. 78 சீட்டுகளில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் உண்டு. இந்தக் கணக்கைப் போட்டது கணக்காளர்தான். ஆனால் எண்ணிக்கைப் பெருக்கத்தால் எழுத்துக்கு ஒன்றும் நடப்பதில்லை. கடைசியில் இரண்டு சீட்டு என்று நின்றது. ஒரே அறையில் இருக்கும் இருவர், ஆளுக்கொரு சீட்டு. இடையில் என்ன என்பதைச் சீட்டு சொல்லாது, எழுதுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு நடந்தவை

மொழிபெயர்ப்பாளர் எடுத்தது ஆறு வாள்கள். படகு ஒன்று, நின்றபடி துடுப்புக் கோலை ஊன்றும் ஒருவர், முக்காடிட்ட பெண்ணும் ஒரு குழந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள், படகின் முன்பகுதியில் ஆறு வாள்கள் செங்குத்தாக. பயணிகளின் முதுகு மட்டும் தெரியும். கையேட்டின்படி இது கடந்துபோதல். முதற்கட்டத்தில் வந்திருந்தால் "புதிய கரை" என்று ஏதாவது எழுதியிருப்பார். இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "வாள் எதில குத்தியிருக்கு?" என்று கேட்டார். படகின் அடித்தட்டில் குத்தி நிற்பது போலத்தான் தெரிகிறது. பிடுங்கினால் தண்ணீர் உள்ளே வரும்.

அந்த ஒரு கவனிப்பிலிருந்து கதை பிறந்தது. குடும்பத்தைக் காயப்படுத்திய ஒருவரையே கூட அழைத்துக்கொண்டு வேறிடம் போகும் ஒரு தாய். அவரை இறக்கிவிட்டால் குடும்பமே மூழ்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வரைவில் படகு இருந்தது, நதி இருந்தது. அடுத்ததில் நதி போய் ஒரு வாடகை வண்டி வந்தது. கடைசி வரைவில் சீட்டின் ஒரு பொருள்கூட இல்லை. வண்டியின் பின்னிருக்கையிலிருந்து தெரியும் தலைகளின் பின்புறம் மட்டும் இருந்தது. சீட்டைப் பார்க்காத ஒருவர் அந்தக் கதையை வாசித்தால் ஒரு குறையும் தெரியாது. இந்த ஆய்வில் நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த பலன் அதுதான்.

நாவல் ஒன்றைப் பாதியில் நிறுத்தியிருந்தவரின் அனுபவம் அவ்வளவு நேரானதல்ல. அவர் நாவலில் தம்பியின் நிலப் பத்திரங்களைத் திருடிப்போகும் அண்ணன் ஒருவர் வருகிறார். அந்த அண்ணன் வெறும் வில்லனாக விறைத்துப்போயிருந்ததால் அத்தியாயம் நகரவில்லை. அண்ணனுக்கென்று ஏழு வாள்களை எடுத்தார். ஐந்தை அள்ளியவர் இரண்டை நிலத்தில் குத்தியபடியே விட்டுப் போகிறார். ஏன்? கை கொள்ளவில்லையா, இரக்கமா, திரும்பி வருவதாக எண்ணமா? நாவலாசிரியர் அண்ணனை இரண்டு பத்திரங்களை விட்டுவிட்டுப் போக வைத்தார். காரணத்தை அண்ணனே அறியாதபடி வைத்தார். பல மாதமாக அசையாத அத்தியாயம் அந்த வாரம் முடிந்தது.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு காட்சிக்கும் சீட்டெடுக்கத் தொடங்கினார். புதிய பக்கங்களில் வேகம் இருந்தது, வியப்பும் இருந்தது. ஆனால் ஒன்றினால் மற்றொன்று நடக்கவில்லை. அண்ணன் ஓர் அத்தியாயத்தில் துறவி, அடுத்ததில் சூதாடி. ஒருங்கிணைப்பாளர் பேசிப்பார்த்தார்.

"சார், கொஞ்ச நாளைக்குச் சீட்டை எடுக்காம எழுதிப் பாருங்க. அண்ணன் என்ன செய்வார்னு இப்ப உங்களுக்கே தெரியும்."

"தெரியலையே மேடம். அதனாலதானே எடுக்கிறேன்."

"தெரியாம இருக்கட்டுமே. ரெண்டு நாள் தெரியாமலே உட்காருங்க."

அவர் ஒப்பவில்லை. சீட்டு வைத்து எழுதிய அத்தியாயங்களைக் குழு ஒன்றாக வாசித்தபோதுதான் ஒரே மனிதரின் கதையாக அது நிற்கவில்லை என்பது அவருக்கே கேட்டது. பலவற்றை நீக்கினார். அதற்குப் பிறகு குழுவில் ஒரு விதி வந்தது: சிக்கிய இடத்துக்கு ஒரு சீட்டு, பிறகு கட்டு பெட்டிக்குள். சீட்டு கேள்வி எழுப்பலாம். பதில் அதுவரை எழுதிய பக்கங்களிலிருந்து வர வேண்டும்.

ஒரு இளைஞர் விலகினார். தன் கதைகள் காதில் விழும் ஒரு பேச்சிலிருந்து தொடங்குகின்றன என்றும், படம் முன்னால் இருந்தால் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது என்றும் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் அவரைத் தடுக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். அவருடைய பட்டியல்கள் கவனமாக இருந்தன, கதைகள் உயிரற்றிருந்தன. கண்ணால் தொடங்குபவருக்குப் பலன் தரும் பயிற்சியை எல்லோருக்கும் பொதுமருந்தாக நீட்டக் கூடாது.

ஆசிரியையின் கனவுப் பட அட்டைகள் தொடக்கத்தில் காட்டிய முன்னிலை பிறகு குறைந்தது. மற்றவர்களும் கையேடு இல்லாமல் பார்க்கத் தொடங்கியதும் வேறொரு வேறுபாடு வெளிப்பட்டது. அந்த அட்டைகளில் இடமும் மனநிலையும் செழிப்பாக இருக்கின்றன, ஒருவர் இன்னொருவரை ஏதாவது செய்யும் கணம் குறைவு. அவருடைய கதைகள் அழகாக மிதந்தன, இறங்க மறுத்தன. பாத்திரத்துக்குத் தெரியாதது எது என்ற கேள்வியை அவரும் எடுத்துக்கொண்ட பிறகு நிலைமை ஓரளவு மாறியது. சூழல் வேண்டுமானால் கனவுப் படம், செயல் வேண்டுமானால் 1909 கட்டு என்பது என் கணிப்பு.

செவிலியர் சில வாரம் வரவில்லை. அவர் திரும்பி வந்தபோது தங்கை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். இன்னும் சில அமர்வுகள் கழித்து, விரித்து வைத்த சீட்டுகளில் ஒன்பது வாள்கள் இருந்தது; ஒருங்கிணைப்பாளர் அதை எடுத்துவிடக் கை நீட்டுவதற்குள் அவரே கேட்டு வாங்கினார். ஐந்து நிமிடப் பட்டியலில் கட்டிலின் பக்கப் பலகையைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு செதுக்குவேலை: ஒருவர் மற்றொருவரை வீழ்த்தும் காட்சி. தூங்கும் கட்டிலில் இப்படி ஒன்றை யார் செதுக்கச் சொன்னார்கள் என்று தச்சரின் பார்வையில் ஒரு கதை எழுதினார். கட்டிலில் அழுபவர் அந்தக் கதையில் வரவில்லை. அவர் ஏன் அந்தச் சீட்டைத் திரும்பக் கேட்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

வெளியிடும்போது எழுந்த கேள்வி

இருவர் தங்கள் கதைகளைச் சீட்டுப் படத்தோடு வெளியிட விரும்பினார்கள். ஒரு படத்தைப் பார்த்துத் தூண்டுதல் பெற்றுக் கதை எழுத யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. படத்தை அச்சிடுவது வேறு. ஸ்மித் இறந்தது 1951இல். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும் நாடுகளில் 2022 தொடக்கத்திலிருந்து அவருடைய மூல ஓவியங்களை யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். பிற்காலத்தில் புதிதாக வண்ணம் சேர்த்த பதிப்புகளும், இன்றைய ஓவியர்களின் கட்டுகளும், ஆசிரியை பயன்படுத்திய அட்டைகளும் அப்படி அல்ல.

சட்டம் அனுமதித்த இடத்திலும் குழு படம் வேண்டாம் என்றே முடிவெடுத்தது. படம் பக்கத்தில் இருந்தால் வாசகர் கதையை விட்டுவிட்டுப் பொருத்தம் தேடுவார். படம் இல்லாமல் நிற்காத கதை இன்னும் முடியாத கதை. இதையே திருத்தத்துக்கான சோதனையாகவும் வைத்துக்கொண்டார்கள்: சீட்டைப் பார்த்தவருக்கு மட்டும் புரிகிற வாக்கியம் எது என்று ஒவ்வொரு வரைவிலும் தேடி அதை மாற்றுவது.

அடுத்த முறை மாறப்போவது

புதிய குழு ஒன்று தொடங்கவிருக்கிறது. அதில் கையேடு முதல் நாளிலிருந்தே இருக்காது. உடல்நலக் குறைவோ இழப்போ அருகில் இருப்பவர்கள் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதை முதல் சீட்டு விரிவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிப்பார்கள். ஒன்பது வாள்கள் போல ஒன்று நடந்த பிறகு அல்ல. கேட்டு எழுதுபவர்களுக்காக, படத்துக்குப் பதில் முகம் தெரியாத இருவரின் உரையாடல் துண்டு ஒன்றை வைத்துப் பார்க்கும் யோசனையும் இருக்கிறது.

முதல் சில அமர்வுகளில் ஆளுக்கொரு சீட்டு என்பதற்குப் பதில் எல்லோருக்கும் ஒரே சீட்டு கொடுப்பார்கள். ஒரே படத்தில் ஏழெட்டுப் பேர் வேறு வேறு பொருள்களைக் கண்டால், சரியான பொருள் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் சொல்லாமலே உதிரும். எட்டுக் கிண்ணங்களைத் தேர்ந்திருக்கிறார்கள்: இரவில் கைத்தடியோடு விலகிப் போகும் ஒருவர், அவர் அடுக்கி வைத்துவிட்டுப் போன கிண்ணங்கள், மேல் அடுக்கில் ஓர் இடைவெளி. விட்டுச் செல்லுதல் என்று பார்ப்பவர்களும் இருப்பார்கள், அந்த இடைவெளியில் இருக்க வேண்டிய ஒன்பதாவதைத் தேடிப் போகிறார் என்று பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

சேர விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாக டாரட் பார்ப்பவர். 78 பொருள்களும் மனப்பாடம். பெயரையும் எண்ணையும் மறைத்தாலும் அவருக்குப் பொருள்தான் முதலில் தெரியும். அவரை மறுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் சேர்த்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் அவருக்கு 1909 கட்டு கிடையாது, கையேடில்லாத பட அட்டைகள் மட்டும். அவரோடு அமர்வுகளில் இருந்து குறிப்பெடுக்க ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.